செம்மஞ்சள் வானம் படத்தில் சாம்பல் நிறமாக விழுவது ஏன்?

கேள்வி: சிட்னிக்கு மேற்கே ப்ளூ மவுண்டன்ஸ் பக்கம் காட்டுத்தீ எரியும்போதெல்லாம் எங்கள் வீட்டைச் சுற்றிப் புகை சூழ்ந்துவிடுகிறது. மாலையில் வானமே செம்மஞ்சளாகி, பார்க்கவே அச்சமாக இருக்கிறது. ஃபோனில் படம் எடுத்தால் வெறும் மேகமூட்டம்போல் சாம்பல் நிறமாக விழுகிறது. ஃபோனில் கோளாறா?
*– வாசகி, பென்ரித்*

பதில்: கோளாறு எதுவும் இல்லை. உங்கள் ஃபோன் வேண்டாத உதவி செய்கிறது, அவ்வளவுதான். எந்த விளக்கின் கீழ் நின்றாலும் வெள்ளைச் சட்டை வெள்ளையாகவே தெரிய வேண்டும் என்று கேமராவைப் பழக்கியிருக்கிறார்கள். ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் என்பது அதுதான். புகையின் நுண்துகள்கள் சூரிய ஒளியிலிருக்கும் நீலத்தை வழியிலேயே சிதறடித்துவிட, சிவப்பும் மஞ்சளும் மட்டும் நம் வாசலுக்கு வந்து சேர்கின்றன. கேமராவோ அதை ஏதோ பல்பின் நிறம் என்று முடிவுகட்டி, நீலத்தை ஏற்றிச் ‘சரி’ செய்துவிடுகிறது.

ஃபோனில் ‘புரோ’ முறை இருந்தால் ஒயிட் பேலன்ஸை வெயில் குறியில், அதாவது சுமார் 5,500 கெல்வினில் நிறுத்துங்கள். அது இல்லாத ஃபோனென்றால், கைமுறையாக மாற்ற விடுகிற கேமரா செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். ரா கோப்பாக, அதாவது கேமரா திருத்தாத மூலப்பதிவாகச் சேமித்தால் நிறத்தைப் பிறகு நிதானமாகவும் தீர்மானிக்கலாம். இன்னொன்று: இருட்டைக் கண்டதும் கேமரா படத்தை வெளுக்கப் பார்க்கும். வெளிச்ச அளவை ஒரு படி குறைத்துவிடுங்கள். இத்தனையும் செய்த பிறகு கணினியில் உட்கார்ந்து சிவப்பைக் கூட்டாதீர்கள். கூட்டிய படம் பார்த்த உடனே தெரிந்துவிடும். அக்கம்பக்கத்தாரும் அதே வானத்தைப் பார்த்தவர்கள்தானே!

வானத்தை மட்டும் எடுத்தால் அது வெறும் நிறப்பலகை. அந்த வெளிச்சம் விழுகிற பொருளை எடுங்கள். கொடியில் காயும் வெள்ளை வேட்டி, காரின் கூரை, சுண்ணாம்புச் சுவர் என்று வெள்ளையாக எது இருந்தாலும் நிறத்தை அப்படியே வாங்கிக் காட்டும். 2019 டிசம்பரில் காஸ்பர்ஸ் மவுண்டன் தீ வொலமை காடுகளைத் தின்றுகொண்டிருந்தபோது, ரிச்மண்டில் எங்கள் கார் மீது யூகலிப்டஸ் இலைகள் வந்து விழுந்தன. முழுக்கக் கருகியவை, ஆனால் வடிவம் குலையாதவை. நடுநரம்பும் கிளைநரம்புகளும் கோடு கோடாகத் தெரிந்தன. விரல் பட்டதும் பொடியாகிவிடும். கிட்டத்தில் வைத்து எடுத்த அந்த இலைப் படம்தான், புகையை எடுத்த என் படங்கள் எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது.

கேள்வி: தீ நாக்குகளே தெரிகிற மாதிரி எடுக்க ஆசை. பெல்ஸ் லைன் சாலையில் எவ்வளவு தூரம் போகலாம்? தம்பியிடம் டிரோனும் இருக்கிறது.
*– வாசகர், பிளாக்டவுன்*

பதில்: போகவே வேண்டாம். தண்ணீர் லாரிகள் வரும் குறுகிய மலைச்சாலையில் வேடிக்கை பார்க்க வந்த ஒரு கார் நின்றாலும் இடைஞ்சல்தான். காற்று திரும்பினால் முன்னால் எரியும் தீ பக்கவாட்டில் வரும். மரப்பட்டைப் பொறிகள் கிலோமீட்டர் கணக்கில் பறந்து, உங்களுக்குப் பின்னாலும் புதிய தீயை மூட்டும். டிரோன் பேச்சே எடுக்காதீர்கள். தீயணைப்பு நடக்கும் இடத்துக்கருகே அதைப் பறக்கவிடுவது சட்டப்படி குற்றம்; ஒரு டிரோன் கண்ணில் பட்டாலே தண்ணீர் கொட்டும் ஹெலிகாப்டர்களைத் தரையிறக்கிவிட நேரும்.

2019 டிசம்பர் 31 அன்று விக்டோரியாவின் மல்லகூட்டாவில் காலையிலேயே இருண்டு, பிறகு வானம் ரத்தச் சிவப்பானது. அன்றைய படங்களில் உலகம் முழுக்கச் சுற்றியது எது? முகக்கவசம் அணிந்து படகின் பின்முனையில் உட்கார்ந்திருந்த சிறுவனின் படம். எடுத்தவர் அவனுடைய அம்மா. அந்தப் படத்தில் ஒரு தீ நாக்கும் கிடையாது.

சூரியன் புகைக்குள் செப்புக்காசுபோல் மங்கித் தெரிந்தாலும், டெலிஃபோட்டோ லென்ஸ் மாட்டிய கேமராவின் கண்ணாடி வியூஃபைண்டர் வழியாக அதைப் பார்க்காதீர்கள். திரையில் பார்த்து எடுங்கள். வெளியே நிற்கும்போது நுண்துகளை வடிகட்டும் பி2 முகக்கவசம் வேண்டும். துணிக்கவசம் நுண்துகளைத் தடுக்காது. ஊரகத் தீயணைப்புச் சேவையின் செயலியில் உங்கள் பகுதி ஆரஞ்சு எச்சரிக்கைக்கு மாறிவிட்டால் கேமராவைப் பையில் போட்டுவிட்டுக் கிளம்புகிற வேலையைப் பாருங்கள். கை சும்மா இருக்காது என்றால், கோடை தொடங்கும் முன்பே வீட்டை அறை அறையாக, அலமாரிகளைத் திறந்துவைத்துப் படம் எடுத்து இணையச் சேமிப்பில் ஏற்றிவையுங்கள். காப்பீடு கேட்க நேர்ந்தால் அந்த அழகற்ற படங்கள்தான் கைகொடுக்கும்.

கேள்வி: லென்ஸில் சாம்பல் படிந்துவிட்டது. ஈரத்துணியால் துடைக்கலாமா?
*– வாசகர், வின்ட்சர்*

பதில்: கூடாது. சாம்பலில் மணல்போன்ற துகள்களும் இருக்கும். துடைத்தால் கீறல் விழும். ரப்பர் ஊதியால் முதலில் ஊதித் தள்ளுங்கள், பிறகு மென்தூரிகை, கடைசியாகத்தான் துணி. புகை நாட்களில் லென்ஸ் மாற்றுவதை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.