நாய்க்கு பனடோல் குடுக்கலாமான்னு கேட்ட தம்பிக்கு

கேள்வி: அண்ணே, சுங்கை சிப்புட் பக்கம் ரெண்டு ஏக்கர் செம்பனையும் பதினெட்டு ஆடும் வச்சிருக்கேன். ஆட்டுக் கொட்டாய காவல் காக்குற நாய் 14 கிலோ இருக்கும், முந்தாநேத்துல இருந்து சாப்புடல, பின்னங்கால நொண்டுது, தொட்டா உடம்பு கொதிக்குது. வீட்டுல பனடோல் (பராசிட்டமோல்), பொன்ஸ்தான்கற வலி மாத்திரை, மக சாப்ட்டு மிச்சம் வச்ச அமோக்சிசிலின்கற ஆன்டிபயாட்டிக் இருக்கு. சின்னப் புள்ளைக்கு குடுக்கற அளவுல பாதி குடுக்கலாமா? கிளினிக்குக்கு போனா நூறு வெள்ளிக்கு மேல போயிருமேன்னு பயமா இருக்கு.

பதில்: வேணாம் தம்பி, மூணுல எதையும் குடுக்காதீங்க. ஏற்கனவே குடுத்திருந்தீங்கன்னா கடைசி பத்திய மொதல்ல படிச்சிட்டு உடனே கெளம்புங்க.

உடம்பு கொதிக்குதுன்னு கைய வச்சு சொல்லியிருக்கீங்க. நாயோட சாதாரண சூடே 38-ல இருந்து 39.2 டிகிரி வரைக்கும் இருக்கும், நமக்கு 37, அதனால நல்லா ஓடியாடற நாய தொட்டாலும் நம்ம கைக்கு காய்ச்ச மாதிரிதான் தெரியும். ஃபார்மசில விக்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி, நுனியில தேங்காண்ண தடவி ஆசனவாயில மெதுவா வச்சு பாருங்க, 39.5-க்கு மேல காட்டினா அது காய்ச்சல்தான். அந்த தெர்மாமீட்டர நாய்க்குன்னு தனியா வச்சுக்கோங்க.

புள்ளை அளவுல பாதின்னு கணக்கு போடறோமே, அந்த கணக்கே தப்பு. நாய் எடை கொறஞ்ச மனுசன் இல்ல, அதோட ஈரல் மருந்த வெளியேத்தற விதமே வேற. நப்ராக்சன்னு ஒரு வலி மாத்திரை இருக்கு, நம்ம உடம்புல அதுல பாதி வெளியேற சுமாரா 14 மணி நேரம் ஆகும், நாய்க்கு 74 மணி நேரம், அதாவது மூணு நாளு. நீங்க மறுநாள் காலைல இன்னொன்னு குடுக்கும்போது மொத மாத்திரையே உள்ளதான் இருக்கும், அது மேல இது ஏறும். புரூஃபென்னு (இபுப்ரோஃபென்) இன்னொரு வலி மாத்திரை, 400 மில்லிகிராம் ஒண்ணே ஒண்ணு உங்க நாய்க்கு குடுத்தா கிலோவுக்கு 28 மில்லிகிராம் வருது, 25 தாண்டினாலே வாந்தி, பேதி, வயித்து வலி ஆரம்பிச்சிரும். பொன்ஸ்தானும் அதே வகைதான். இந்த மாத்திரைங்க எல்லாம் வலிய கொறைக்கிற அதே வேலையில வயித்து உள்சவ்வ காப்பாத்தற சுரப்பையும் கிட்னிக்கு போற ரத்தத்தையும் கொறச்சிரும், ரெண்டு நாளா தண்ணி சாப்பாடு சரியா இல்லாத நாய்க்கு அது எவ்ளோ பெரிய அடின்னு நீங்களே யோசிங்க.

பனடோல் மட்டும் என்னவாம்னு கேப்பீங்க. சில கேசுக்கு வெட்னரி டாக்டரே எடை பாத்து, ஈரல் பாத்து பராசிட்டமோல் எழுதுவாரு, அத மறைக்க மாட்டேன். ஆனா கிலோவுக்கு 100 மில்லிகிராம் தாண்டினா ஈரல் கெட ஆரம்பிச்சிரும். நாலு கிலோ குட்டிக்கு ஒரு 500 மில்லிகிராம் மாத்திரையே அந்த கோட்ட தாண்டுது. வீட்டுல பூனை இருந்தா இன்னும் கவனம், பூனைக்கு அத உடைக்கிற சக்தியே ரொம்ப கம்மி, ஒரு மாத்திரை போதும் உசுரு போக.

நான் இத இவ்ளோ அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு. பல வருசத்துக்கு முந்தி தோட்டத்து லயத்துல இருந்தப்போ எங்க நாய் நொண்டுச்சு, கிளினிக்ல அப்பாவுக்கு குடுத்த வலி மாத்திரைய சோத்துல பெசஞ்சு ரெண்டு நாள் குடுத்தோம், நல்லதுன்னு நெனச்சுத்தான் குடுத்தோம், மூணாம் நாளு கறுப்பா தார் மாதிரி வெளிக்கு போச்சு, அடுத்த நாள் செத்துருச்சு. அப்புறம்தான் அதோட காதுக்குள்ள கொத்து கொத்தா உண்ணி இருந்தத பாத்தோம்.

உங்க நாய்லயும் எனக்கு மொத சந்தேகம் அதான். சாப்புடல, காய்ச்சல், நொண்டல், செம்பனை காட்டுக்குள்ள சுத்தற நாய், நம்ம ஊர்ல இதெல்லாம் சேந்தா உண்ணிக் காய்ச்சல பாக்காம விடக்கூடாது. நொண்டறது கால் சுளுக்கா இருக்கணும்னு இல்ல, மூட்டு வீக்கமாவும் இருக்கலாம். எர்லிக்கியான்னு ஒரு கிருமி உண்ணி வழியா வந்து ரத்தம் உறையறதுக்கு வேணும்கற தட்டணுக்கள கொறச்சிரும், பேபீசியான்னு இன்னொன்னு செவப்பணுவையே உடச்சிரும். தட்டணு கொறஞ்ச நாய்க்கு வயித்த புண்ணாக்கற மாத்திரைய குடுத்தா என்ன ஆகும், ரத்தம் நிக்காது, எங்க நாய்க்கும் அதான் நடந்திருக்கும்னு இப்பவும் நெனைக்கறேன். காதுக்குள்ள, விரல் இடுக்குல, கழுத்துப் பட்டைக்கு அடில உண்ணி பாருங்க. ஒதட்ட தூக்கி ஈறு பாருங்க, வெளுத்து இருந்தாலோ சின்ன சின்ன செவப்பு புள்ளி இருந்தாலோ, மூத்திரம் கறுப்பு காப்பி மாதிரி போனாலோ நாளைக்குன்னு தள்ளாதீங்க. வலியில இருக்கற நாய், உங்க கையயே கடிக்கும், பாத்து.

அமோக்சிசிலின் இதுக்கு வேலை செய்யாது, எர்லிக்கியா அணுவுக்குள்ளயே ஒளிஞ்சிருக்கற கிருமி. டாக்டர் பெரும்பாலும் டாக்சிசைக்ளின் குடுப்பாரு, அது மனுசனுக்கும் குடுக்கற மருந்துதான், ஆனா ரத்தம் பாத்து, எடைக்கு அளந்து, வழக்கமா 28 நாள், நடுவுல நாய் நல்லா ஆயிட்ட மாதிரி தெரிஞ்சாலும் நிறுத்தக்கூடாது.

கொட்டாயில ஆட்டுக்கு போடற ஐவர்மெக்டின் ஊசி இருக்கும், உண்ணிக்குன்னு அத எடுத்து நாய்க்கு போடாதீங்க, 1 சதவீத மருந்துன்னா ஒரு மில்லியில 10 மில்லிகிராம் இருக்கு, கொஞ்சம் கை தவறினாலும் நாய்க்கு ரொம்ப அதிகம். கால்ல கோடாலி தைலமும் தேய்க்க வேணாம், அதுல இருக்கற மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரின் குடும்பம், நாய் நக்கியே உள்ள இழுத்துக்கும்.

செலவு பத்தி பயப்படறது ஞாயந்தான். போன உடனே டாக்டர்கிட்ட கைல இவ்ளோதான் இருக்குன்னு சொல்லிருங்க, மொதல்ல ரத்தப் பரிசோதனைய மட்டும் செய்யச் சொல்லுங்க. நீங்க குவாலா கங்சார் மாவட்டம், ஆட்டு விசயமா போற வெட்டரினார் (அரசாங்க கால்நடை) ஆபீசுக்கே போன் போட்டு நாய் பாப்பாங்களான்னு கேளுங்க, இல்லன்னா ஈப்போவுல கிளினிக்குங்க இருக்கு.

ஏற்கனவே மாத்திரை உள்ள போயிருந்தா, உப்புத் தண்ணி ஊத்தி வாந்தி எடுக்க வைக்காதீங்க, உப்பே விஷமாயிரும். பாலும் எண்ணெயும் எதையும் முறிக்காது. பனடோலுக்கு அசிட்டைல்சிஸ்டீன்னு விஷ முறிவு மருந்து டாக்டர்கிட்ட இருக்கு, எவ்ளோ சீக்கிரம் போறோமோ அவ்ளோ நல்லா வேலை செய்யும். ஈறு நீலமாவோ பழுப்பாவோ மாறுனாலும் மூஞ்சி வீங்குனாலும் ராத்திரின்னு பாக்காதீங்க. எத்தன மணிக்கு எத்தன மாத்திரைன்னு எழுதிக்கிட்டு, மாத்திரை பட்டையயும் கையோட எடுத்துட்டு போங்க தம்பி.