கப்பல் வெக்கையும் புதுப் பையன்களும்: ஓய்வுபெற்ற சீஃப் இன்ஜினியர் பதில்கள்

கேள்வி: ஐயா, என் மகன் போன வாரம்தான் அமீரகத்தின் ஃபுஜைராவில் டேங்கர் கப்பல் ஏறினான். இன்ஜின் ரூமில் டிரெய்னி வைப்பர், அதாவது துடைத்துச் சுத்தம் செய்யும் கடைநிலை வேலை. "48 டிகிரிம்மா, தலை சுத்துது" என்று வாட்ஸ்அப்பில் சொன்னான். மேலதிகாரியிடம் சொல்லடா என்றால் மாட்டேன் என்கிறான். தண்ணீர் மட்டும் நிறையக் குடிக்கிறானாம். போதுமா?
*– வாசகி, தூத்துக்குடி*

பதில்: போதாதும்மா. தலை சுற்றுவதைத் தம்பி இன்றைக்கே செகண்ட் இன்ஜினியரிடம் சொல்லியாக வேண்டும். அடுத்த கான்ட்ராக்ட் கிடைக்காதோ என்ற பயம் புதுப் பையன்கள் எல்லோருக்கும் உண்டு. "முடியல சார்" என்று வந்து சொன்ன பையனைப் பற்றி நான் கவலைப்பட்டதில்லை. வாயைத் திறக்காமல், எரிஎண்ணெய் சுத்திகரிக்கும் பியூரிஃபயர் ரூமில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனை நினைத்தால்தான் தூக்கம் வராது.

அந்த அறையில் கனமான எரிஎண்ணெயை 98 டிகிரி வரை சூடாக்கித்தான் சுத்திகரிக்க விடுவோம். ஹீட்டர், குழாய், பக்கத்துத் தகடு எல்லாமே அனலடிக்கும். பிளோயர் வெளிக்காற்றைத் தள்ளத்தான் செய்யும். ஆனால் ஆகஸ்டில் வளைகுடாவின் கடல்நீரே 32 டிகிரியைத் தாண்டிவிடும். வருகிற காற்றும் ஈரக்காற்றுதான். ஓவராலுக்குள் வியர்வை ஓடும், காயாது. காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? 48 டிகிரி என்பதைவிட இந்தப் புழுக்கம்தான் ஆளைச் சாய்க்கிறது.

உடம்பு இதற்குப் பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அதனால் புது ஆளுக்கு வெக்கையில் முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலைதான் தர வேண்டும். பிறகு நாளுக்கு ஒரு பங்கு கூட்டலாம். வந்த அன்றே வாட்ச் (ஷிஃப்ட்) முழுக்க பியூரிஃபயர் பிரித்துக் கழுவ விடுவது எனக்குச் சம்மதமே இல்லை. நடுநடுவே ஏசி உள்ள கன்ட்ரோல் ரூமில் உட்கார வைக்க வேண்டும்.

தண்ணீர் 15, 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர். தாகம் எடுக்கட்டும் என்று இருக்கக் கூடாது. மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டவும் வேண்டாம். வியர்வையோடு உப்பும் போகிறது. சாப்பாட்டைத் தள்ளிவிட்டு வெறும் தண்ணீராகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு இறங்கி, தலைவலி, குமட்டல் எல்லாம் வரும். மூன்று வேளையும் சாப்பிடச் சொல்லுங்கள். நிறைய வியர்த்த நாளில் ஓ.ஆர்.எஸ். கரைத்துக் குடிக்கலாம். பாக்கெட் இல்லையா, ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

இன்னொன்றைத் தம்பி கூட வேலை செய்கிறவர்களிடமும் சொல்லி வைக்கட்டும். ஒருவன் பேச்சு குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, தள்ளாடினாலோ அது ஹீட் ஸ்ட்ரோக். பாரசிட்டமால் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். குளிர்ந்த இடத்துக்குத் தூக்கி, உடுப்பைக் கழற்றி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ். நினைவு தெளிவில்லாதவன் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. அதே நேரத்தில் கேப்டன் டாக்டரைக் கூப்பிட வேண்டும். ரோமில் உள்ள சிர்ம் என்ற மையம் 1935 முதல் எந்த நாட்டுக் கப்பலுக்கும் இலவசமாக மருத்துவ ஆலோசனை சொல்கிறது.

கேள்வி: என் கணவர் டெக்கில் ஏ.பி. (தேர்ந்த மாலுமி) வேலை பார்க்கிறார். பிரஷருக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறார். வெயிலில் ஆபத்தா?
*– வாசகி, நாகப்பட்டினம்*

பதில்: கவனம் தேவை. அந்த மாத்திரை உடம்பின் நீரையும் உப்பையும் இறக்கும். அவராக நிறுத்திவிடக் கூடாது. அடுத்த கான்ட்ராக்டுக்கு முன் டாக்டரிடம் வளைகுடா ரூட் என்று சொல்லிக் கேட்கட்டும். மாத்திரை விவரம் கப்பலில் மருந்துப் பொறுப்பில் உள்ள அதிகாரிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் கப்பலில் குடிதண்ணீர் பாட்டிலுக்குக் காசு பிடிக்கிறார்கள். சரியா?
*– வாசகர், ராமநாதபுரம்*

பதில்: தவறு. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் திருத்தம் 2024 டிசம்பரில் அமலுக்கு வந்தது. சாப்பாட்டைப் போலக் குடிநீரும் இலவசம் என்று அதில் உள்ளது. கப்பலிலேயே எழுத்தில் புகார் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். புகார் கொடுத்ததற்காக உங்களைப் பழிவாங்கவும் அந்த உடன்படிக்கையில் இடமில்லை.