பிரியாணிக்குப் பிறகு சோடா: கேள்வி பதில்

சென்னையில் இரைப்பை, குடல் மருத்துவம் பார்க்கிறேன். சோடா, கூல்டிரிங்ஸ், செரிமானம் பற்றிக் கேளுங்கள்.

கே (திருவல்லிக்கேணி): பிரியாணி சாப்பிட்டா ஒரு சோடா குடிச்சாத்தான் செரிக்குது டாக்டர். நல்லதா?

ப: சோடாவில் அழுத்தி அடைத்திருப்பது கரியமில வாயு. வயிற்றின் சூட்டில் அது பிரிந்து இரைப்பையை உப்ப வைக்கும். உடனே உணவுக்குழாயின் கீழ்வாசல் கொஞ்ச நேரம் திறக்கும், ஏப்பம் வரும், பாரம் இறங்கினாற்போல இருக்கும். வெளியே வந்ததில் பெரும்பகுதி நீங்கள் குடித்த வாயுதான். பிரியாணி இரைப்பையில் அப்படியே இருக்கிறது. கொழுப்புள்ள சாப்பாடு இறங்க மணிக்கணக்காகும். திறந்த வாசல் வழியே அமிலமும் ஏறும். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

கே (கொளத்தூர்): மட்டன் சாப்பிட்டா?

ப: மேலே சொன்னதேதான்.

கே (அம்பத்தூர்): குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. கேஸ் போன லெமன் கூல்டிரிங்ஸ் கொடுக்கச் சொல்றாங்க அத்தை.

ப: கொடுக்காதீர்கள் அம்மா. அதில் லிட்டருக்கு 100 கிராம் அளவில் சர்க்கரை இருக்கலாம். அவ்வளவு சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கும். ஓ.ஆர்.எஸ். கரைசலில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான், கூடவே 2.6 கிராம் உப்பு. குழந்தை சோர்ந்து கிடந்தாலோ சிறுநீர் குறைந்தாலோ மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கே (பெரம்பூர்): அப்பாவுக்கு அடிக்கடி நெஞ்சுல வாயு பிடிக்கும். சோடா குடிச்சா விட்டுடும்.

ப: வாயு என்று யார் சொன்னது? மாரடைப்பும் பலருக்கு வாயுப்பிடிப்பு போலவே தொடங்கும், சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே தெரியாமலும் வரும். நடந்தால் பிடித்து, நின்றால் விடுகிறதென்றால் இதய மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். வியர்வை, மூச்சிரைப்பு, கையிலோ தாடையிலோ வலி சேர்ந்தால் 108-ஐ அழையுங்கள். சோடா வாங்க ஆள் அனுப்பும் நேரத்தில் உயிர் போயிருக்கிறது.

கே (வியாசர்பாடி): கெடுதல் எல்லாம் வெளிநாட்டு கோலாவுலதான் சார். நம்ம பன்னீர் சோடா உடம்புக்கு நல்லது. 2017-ல வணிகர்களே கோலாவை நிறுத்தினாங்களே!

ப: ஜல்லிக்கட்டுப் போராட்டத்தையொட்டி எடுத்த முடிவு அது. நம் தண்ணீர், நம் வியாபாரம் என்ற அந்த நியாயம் எனக்கும் உடன்பாடே. ஆனால் பன்னீர் சோடாவிலும் சர்க்கரைதான் இருக்கிறது. சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இனிப்பான பானம் ஒரு பாட்டிலே அதைத் தாண்டிவிடலாம்.

கே (ராயபுரம்): காளிமார்க் 1916-லேர்ந்து இருக்கு. எங்க தாத்தா காலத்துலேர்ந்து குடிக்கிறோம், என்ன ஆச்சு?

ப: விசேஷத்துக்கு விசேஷம் குடித்திருப்பார் ஐயா. நான் சொல்வது தினமும் குடிப்பதை.

கே (வியாசர்பாடி): சரி, கோலி சோடாவுல சர்க்கரையே இல்லையே?

ப: நல்ல கேள்வி. சுத்தமான தண்ணீரில் செய்த வெறும் சோடா, கோலாவோடு சேர்த்துத் திட்டு வாங்க வேண்டியதில்லை. 2002-ல் இத்தாலியில் வந்த சிறிய ஆய்வொன்றில், அஜீரணமும் மலச்சிக்கலும் இருந்தவர்களுக்கு வாயு ஏற்றிய தண்ணீர் ஓரளவு குணம் தந்தது. கலந்துகொண்டவர்கள் கொஞ்சம் பேர், அதனால் மருந்தாக எழுதித் தர மாட்டேன். நெஞ்செரிச்சல், வயிற்று உப்புசம் இல்லாதவர் குடித்தால் தடுக்கவும் மாட்டேன். உப்பு போட்ட லெமன் சோடா என்றால் ரத்த அழுத்தக்காரர்கள் உப்பைத் தவிர்க்கவும். இந்த வாதம் இத்தோடு போதும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கே (தாம்பரம்): டயட் கோலா?

ப: சர்க்கரை இல்லை. வாயுவும் அமிலமும் அப்படியே. பல்லுக்கு என்ன ஆகும் என்பதைப் பல் மருத்துவரிடம் கேளுங்கள்.

கே (வேளச்சேரி): சாப்பிட்டதும் சோடா குடிக்கலாமா?

ப: முதல் பதிலைப் படியுங்கள். நெஞ்சு பிடித்தால் சோடா இல்லை, ஈ.சி.ஜி.

கே (மயிலாப்பூர்): வெயிலுக்கு என்னதான் குடிக்கிறது?

ப: தண்ணீர், நீர்மோர், சீரகத் தண்ணீர். இளநீரும் நல்லது, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள், அதில் பொட்டாசியம் அதிகம். ரோஸ் மில்க், நன்னாரி சர்பத் இரண்டும் சர்க்கரைக் கணக்கில் வரும்.

கே (மயிலாப்பூர்): பால் குடிச்சா வயிறு உப்புது. மோர் ஒத்துக்குமா?

ப: தயிராகும்போதே பால் சர்க்கரை கொஞ்சம் குறையும், நீர் விட்டுக் கடைந்தால் டம்ளருக்கு இன்னும் குறைவு. அரை டம்ளரில் தொடங்குங்கள். அதற்கும் உப்பினால் சீரகத் தண்ணீரோடு இருந்துகொள்ளுங்கள்.