பிரேக் தகரத்தைக் கழற்றினால் பொலிஸ் பிடிக்குமா?

கேள்வி: அப்பா விட்டுப்போன 1969ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று என்னிடம் இருக்கிறது. முன்சில்லு இரண்டிலும் பிரேக் டிஸ்க்குக்கு (சில்லோடு சுழலும் இரும்புத் தட்டு) பின்னால் இருக்கிற டஸ்ட் ஷீல்ட் என்கிற தகரம் உப்புக்காற்றில் துருப்பிடித்து வளைந்துபோனது. ஓடும்போது டிஸ்க்கில் உரசிச் சத்தம் போடுகிறது. கராஜ் பாஸ், "தேவையில்லாத தகரம் தம்பி, கழட்டி எறிவம். பிரேக்கும் சூடாகாது" என்கிறார். ஏப்ரலில் நுவரெலியா மலையேற்றப் போட்டிக்குக் கொண்டுபோகும் யோசனையும் இருக்கிறது. காருக்கு ஃபுல் இன்சூரன்ஸ் போட்டிருக்கிறேன். தகரத்தைக் கழற்றினால் குற்றமா? மறுகா ஒரு விபத்து நடந்தால் பொறுப்பு பாஸுக்கா, எனக்கா?
– வாசகர், கல்லடி

பதில்: பொலிஸ் பயத்தை முதலில் விடுங்கள். 2025 தொடக்கத்தில் வாகனங்களில் கூடுதலாகப் பூட்டிய சாமான்களைக் கழற்றச் சொல்லிப் பொலிஸார் நாடு முழுக்க மறித்தார்கள். அதற்குப் பிறகு "வாகனத்தில் எதைத் தொட்டாலும் குற்றமா?" என்று கேட்டு வருகிறவர்கள் அதிகம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனப் போக்குவரத்துச் சட்டம் கேட்பது பிரேக் ஒழுங்காகப் பிடிக்க வேண்டும் என்பதைத்தான். டிஸ்க்குக்குப் பின்னால் தகரம் இருக்க வேண்டும் என்று தனியாக ஒரு வரியை நான் அதில் கண்டதில்லை. பதிவுப் புத்தகத்தில் எழுதியிருக்கிற எஞ்சின் இலக்கம், செசி இலக்கம், நிறம், உடலமைப்பு போன்றவை மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். உங்கள் தகரம் அந்தப் புத்தகத்தில் இல்லை. கல்லடிப் பாலத்தில் மறிக்கிற சார்ஜன்ட் சில்லுக்குப் பின்னால் தலையை விட்டுப் பார்க்கப் போவதும் இல்லை.

ஆனால் விபத்து நடந்த அடுத்த நாள் கதை வேறு. ஆளுக்குக் காயம் என்றால் வாகனம் பொலிஸ் நிலைய வளவுக்குள் போகும், மோட்டார் வாகனப் பரிசோதகர் வருவார், பிரேக் எப்படி இருந்தது என்று அறிக்கை எழுதுவார். சில்லுக்குப் பின்னால் தலையை விட்டுப் பார்ப்பது அவருடைய வேலை. ஒரு உயிர் போயிருந்தால் தண்டனைச் சட்டக் கோவையின் 298ஆம் பிரிவு, அதாவது அசட்டையான அல்லது கவனமற்ற செயலால் மரணம் விளைவித்தல், நீதவான் முன்னால் வந்து நிற்கும். தகரம் இல்லை என்பது மட்டும் உங்களைக் குற்றவாளி ஆக்காது. பிரேக் பிடிக்காததற்கும் அந்தத் தகரத்துக்கும் தொடர்பு உண்டா என்பதே கேள்வி.

தொடர்பு இருக்கக்கூடும் என்பதுதான் சிக்கல். அந்தத் தகரம் சும்மா பூட்டினது இல்லை. டிஸ்க்கின் உட்பக்கத்தில் மழைத் தண்ணீரும் மணலும் சல்லிக்கல்லும் அடிக்காமல் மறைக்கிறது. டிஸ்க்கின் சூடு பக்கத்தில் இருக்கிற ஸ்டியரிங் மூட்டின் ரப்பர் உறையை வாட்டாமலும் ஓரளவு காக்கிறது. டிஸ்க் நனைந்திருந்தால் முதல் மிதிக்குப் பிரேக் ஒரு கணம் பிந்தித்தான் பிடிக்கும். கார்த்திகை, மார்கழி மழையில் வாவியும் ரோட்டும் ஒன்றாகிற நம்முடைய ஊரில் அந்த ஒரு கணம் பெரிது. சூடாகாது என்று பாஸ் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எம்.ஜி.பி.யின் டிஸ்க் உள்ளே காற்றுவழி இல்லாத ஒற்றைத் தட்டு, தகரம் போனால் கூடுதல் காற்று படும். ஆனால் கல்லடியிலிருந்து கல்முனைக்குத் தட்டையான ரோட்டில் போகிறவருக்கு எந்தப் பிரேக் கொதிக்கப் போகிறது? (நான் வைத்திருந்தது மொரிஸ் மைனர். நாலு சில்லுக்கும் டிரம் பிரேக். டிஸ்க்கும் இல்லை, இந்தக் கேள்வியும் இல்லை.)

காப்புறுதிக்கு வருவோம். உங்கள் பத்திரத்தை எடுத்து நிபந்தனைப் பக்கத்தை வாசியுங்கள். வாகனத்தை நல்ல ஓட்ட நிலையில் பராமரிக்க நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று ஒரு வரி அநேகமாக இருக்கும். மழை நாளில் பிரேக் பிந்திப் பிடித்து நீங்கள் முன்னால் போன வாகனத்தில் மோதினால், நட்டஈடு கேட்கிறபோது கம்பனிக்காரர் முதலில் தேடுவது அந்த வரியைத்தான். அதோடு, காப்புறுதி என்பது இரண்டு பக்கமும் ஒளிக்காமல் பேச வேண்டிய ஒப்பந்தம். கழற்றுவதென்றே முடிவெடுத்தால், கழற்றுவதற்கு முன் ஒரு கடிதம் எழுதிக் கம்பனியில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். "ஏஜென்டுக்கு ஃபோனில் சொன்னேன் சேர்" என்று வந்தவர்களோடு மாவட்ட நீதிமன்ற வாசலில் நின்று நான் களைத்துவிட்டேன்.

நுவரெலியா விஷயத்தை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தகரத்தைவிட அதுதான் பெரிதாகப் படுகிறது. 1934இல் தொடங்கிய மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி பழைய கார்க்காரர்களுக்குத் திருவிழா என்பது தெரியும். ஆனால் சாதாரண மோட்டார்க் காப்புறுதிப் பத்திரங்களில் பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கப்பட்டிருப்பதே வழக்கம். அப்படி இருந்தால், அந்த மலையில் காரை மோதி நொறுக்கிக்கொண்டு வந்தால் தகரம் இருந்தாலும் ஒரு சதமும் கிடைக்காது. போட்டிக்குப் போவதானால் அதற்கான காப்பு உண்டா என்று கம்பனியிடம் தனியாக எழுதிக் கேளுங்கள். போட்டிக்காகக் கழற்றுகிற தகரத்தை வீடு வந்ததும் திரும்பப் பூட்டுங்கள்.

இனிப் பாஸின் பொறுப்பு. கூலி வாங்கி வேலை செய்கிற கைத்தொழிலாளி தன் தொழிலுக்குரிய திறமையோடும் கவனத்தோடும் செய்ய வேண்டும் என்பது நம்முடைய ரோமன்-டச்சுச் சட்டத்தின் பழைய விதி. உங்களைக் கேட்காமலே அவர் கழற்றியிருந்தால் வழக்கு உங்கள் பக்கம் பலம். ஆனால் அவர் சொல்லி, நீங்கள் தலையாட்டி, பிறகு ஆறு மாதம் ஓடியும் இருந்தால் கதை மாறுகிறது. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, சேதம் வந்ததில் உங்கள் கவனயீனத்துக்கும் பங்கு இருந்தால் நீதிமன்றம் அந்த அளவுக்கு நட்டஈட்டைக் குறைக்கும். அடிபட்ட மூன்றாம் ஆளுக்கோ, ஓட்டினவர் நீங்கள். அவர் உங்களைத்தான் தேடி வருவார். பாஸோடு கணக்குத் தீர்ப்பது அதற்குப் பிறகு உங்கள் பாடு.

அதனால் வாய்ப்பேச்சில் விடாதீர்கள். 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டத்தில் வழக்குப் போட எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 வருடம், வாயால் பேசியதற்கு 3 வருடம், கவனயீனம் போன்ற தீங்குக்கு 2 வருடம். கராஜ் பில்லில் இரண்டு பேரும் கையெழுத்து வைத்த நாலு வரி இருந்தால் 6 வருடம் கேட்க வழி பிறக்கும். பில்லே தராத கராஜ் என்றால் வேறு கராஜ் பாருங்கள்.

என் முடிவைக் கேட்டால், கழற்றாதீர்கள், மாற்றுங்கள். இந்தக் கார் 5 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. இங்கிலாந்தில் இதற்கான உதிரிப்பாகங்களைப் புதிதாகச் செய்து இன்னும் விற்கிறார்கள், டஸ்ட் ஷீல்டும் அதில் உண்டு. பொதுவாக ஹப்பையும் டிஸ்க்கையும் இறக்கினால்தான் முழுத் தகரம் ஏறும். பாஸ் "கழட்டி எறிவம்" என்பதற்கு அந்த மினக்கேடும் ஒரு காரணமாக இருக்கலாம். புதியது வந்து சேரும்வரை, டிஸ்க்கில் உரசுகிற விளிம்பை நிமிர்த்தியோ வெட்டியோ விடச் சொல்லுங்கள். வெட்டினதை அளவோடு பில்லில் எழுதுவியுங்கள், முன்னும் பின்னும் திகதியோடு படம் எடுங்கள். பழைய தகரம் இரண்டையும் பாஸ் பழைய இரும்புக்காரனிடம் போட விடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து வையுங்கள். காரை விற்கிற நாளில் வாங்குகிறவர் கேட்டால் காட்டவும், வழக்கு என்று வந்தால் எனக்குக் காட்டவும் அது வேண்டும்.