ஐந்து நாள் லீவு, அளவான காசு, ஒரு பனிமலை: கேள்வி பதில்

பிறந்தது திண்டுக்கல், வேலை டெல்லி. முதன்முதலில் பனிச்சறுக்குப் பலகையில் ஏறியபோது எனக்கு வயது முப்பத்திரண்டு. அதன்பின் பதினொரு குளிர்காலம் போய்விட்டது. விழுந்ததை எண்ணுவதை மூன்றாவது வருடமே நிறுத்திவிட்டேன். குறைந்த செலவில் பனிச்சறுக்கு போய்வருவது பற்றி வந்த கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கார்த்திகா, கோவை: அக்கா, நானும் கணவரும் பிப்ரவரியில் ஐந்து நாள் லீவு போடுகிறோம். இருவருமே பனியைத் தொட்டதில்லை. காஷ்மீரின் குல்மார்க், உத்தராகண்டின் ஔலி, இமாச்சலின் மணாலி மூன்றில் எதற்குச் செலவு குறைவு?

அறை வாடகையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் ஔலிதான் மலிவு என்று தோன்றும். அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். வீட்டை விட்டுக் கிளம்பித் திரும்பும் வரை ஆகும் மொத்தச் செலவையும், காலில் பலகை மாட்டியிருக்கப் போகும் நாட்களால் வகுத்துப் பாருங்கள்.

ஔலிக்கு ரிஷிகேஷிலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டர் மலைப்பாதை. போக ஒரு பகல், வர ஒரு பகல். நீங்கள் கோவையிலிருந்து ரிஷிகேஷ் வந்து சேர்வது தனி. ஐந்து நாளில் ஒரு நாளோ ஒன்றரை நாளோதான் சறுக்கக் கிடைக்கும். ஔலிக்குக் கீழே உள்ள ஜோஷிமட்டிலிருந்து மேலே போகும் ரோப்கார், 2023 ஜனவரியில் அந்த ஊரில் நிலம் தாழ்ந்து வீடுகள் விரிசல் விட்டபோது நிறுத்தப்பட்டது. அதன் இன்றைய நிலவரத்தைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஓடாவிட்டால் ஜீப்தான்.

குல்மார்க்குக்கு விமானச் செலவு அதிகம், மறுக்கவில்லை. ஆனால் ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர்தான். கோவையில் அதிகாலை விமானம் ஏறி டெல்லியில் மாறினால் இருட்டுமுன் மலையில் இருக்கலாம். முதல் நாளும் கடைசி நாளும் பயணம், நடுவில் மூன்று நாள் முழுதாகப் பனியில். வகுத்துப் பாருங்கள், குல்மார்க்தான் மலிவு.

பத்து நாள் லீவு கிடைத்தால் என் பதில் மாறும். ஔலிச் சரிவில் நின்றால் எதிரே 7,816 மீட்டர் நந்தாதேவி. அதற்காகவே போகலாம்.

அதே கார்த்திகா: தங்மார்க்கில் அறை பாதி விலைக்குக் கிடைக்கிறதே, அங்கே தங்கலாமா?

வேண்டாம். தங்மார்க் குல்மார்க்கிலிருந்து 13 கிலோமீட்டர் கீழே இருக்கிறது. பனி கொட்டிய காலையில் டயருக்குச் சங்கிலி கட்டிய உள்ளூர் ஜீப்பில்தான் ஏற முடியும். போகவர வாடகை கொடுத்தால் அறையில் மிச்சம் பிடித்தது அதிலேயே கரைந்துவிடும். ஒருமுறை இந்த மிச்சத்துக்கு நானும் ஆசைப்பட்டேன். பத்தரை மணி வரை சங்கிலிக்காகக் காத்திருந்து, பனி நன்றாக இருக்கும் காலைப்பொழுதை ரோட்டோரம் தேநீர் குடித்தே கழித்தேன். குல்மார்க்கிலேயே சின்ன விடுதியாகப் பாருங்கள். அறையில் விறகடுப்பு, அதாவது புகாரி, உண்டா என்றும் எத்தனை மணி வரை எரியும் என்றும் முன்பே கேட்டுவிடுங்கள். மின்சாரப் போர்வையை மட்டும் நம்பினால், மின்சாரம் போன இரவில் பல் கிட்டித்துவிடும்.

செந்தில், சென்னை: எந்த வாரம் போனால் பனி நிச்சயம்?

நிச்சயம் என்று எந்த வாரத்தையும் சொல்ல மாட்டேன் தம்பி. காஷ்மீரில் டிசம்பர் 21 தொடங்கி 40 நாளைச் சில்லை கலான் என்பார்கள். கடுங்குளிர் காலம் அது. அந்த நாற்பது நாளிலேயே, 2024 ஜனவரியில், குல்மார்க் புல்வெளி பழுப்பாகக் காய்ந்து கிடந்தது. பிப்ரவரிக்கு நெருங்கித்தான் பனி வந்தது. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளையே பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள்.

ஆகவே முதல் குறி பிப்ரவரி இரண்டாம், மூன்றாம் வாரம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தை மறந்துவிடுங்கள். பனி குறைவாகவும் விலை அதிகமாகவும் இருக்கும் காலம் அது. பத்து நாள் முன்புவரை ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாகப் பிடியுங்கள், நூறு இருநூறு கூடப் போனாலும் பரவாயில்லை. ஊர் திரும்பிய மறுநாளே அலுவலகத்தில் முக்கியமான கூட்டம் வைத்துக்கொள்ளாதீர்கள். பனி நன்றாகக் கொட்டினால் ஸ்ரீநகர் விமானங்கள் ரத்தாகும். நாம் எதற்காக வேண்டிக்கொண்டோமோ அதுவேதான் நம்மை ஊர் திரும்ப விடாமலும் பிடித்து வைக்கும்.

நிவேதா, திருச்சி: குல்மார்க்கில் கோண்டோலா, அதாவது கேபிள் கார், டிக்கெட்டை முதலிலேயே மூன்று நாளுக்கும் எடுத்துவிடட்டுமா?

எடுக்காதீர்கள். புதிதாகக் கற்பவருக்கு முதல் இரண்டு நாள் கோண்டோலா தேவையே இல்லை. கோடையில் கோல்ஃப் ஆடும் அந்தப் புல்வெளியின் மென்சரிவுதான் உங்கள் பள்ளிக்கூடம். அங்கே இழுவை லிஃப்ட் இருக்கிறது. அது ஓடாத நாளில் பக்கவாட்டில் படிப்படியாக மிதித்து ஏற வேண்டும், அதுவும் ஒரு பாடம்தான்.

கோண்டோலாவுக்கு இரண்டு கட்டம். முதலாவது கொங்தூரி வரை, சுமார் 3,100 மீட்டர். இரண்டாவது அஃபர்வத் மலைத் தோளில் 3,900 மீட்டருக்கு மேல் கொண்டுபோய் விடும். மூன்றாம் நாள், பயிற்றுநர் சரி என்று சொன்னால், முதல் கட்டம் ஏறிச் சறுக்கி இறங்கலாம். இரண்டாம் கட்டம் காட்சிக்கு மட்டும். போனபடியே பெட்டியில் உட்கார்ந்து திரும்பிவிட வேண்டும். மேலே இருப்பது சீர்செய்த பாதை இல்லை, பனிச்சரிவு வரும் காட்டு மலை. 2023 பிப்ரவரியில் அங்கே போலந்துக்காரர்கள் இருவர் பனிச்சரிவில் இறந்தார்கள். இருவரும் அனுபவசாலிகள்.

டிக்கெட்டை இணையத்தில் கேபிள் கார் கழகத்தின் தளத்திலேயே எடுங்கள். வாசலில் "நான் வாங்கித் தருகிறேன்" என்று வருகிறவரிடம் வேண்டாம்.

முருகேசன், சேலம்: மணாலி பேக்கேஜ் ஒன்றில் "ஸ்கீயிங் உட்பட" என்று போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?

சோலாங் சரிவில் முக்கால் மணி நேரம் ரப்பர் பூட்ஸும் தேய்ந்த பலகையும் மாட்டி, ஒருவர் கையைப் பிடித்து இழுத்துப்போய் இரண்டு படம் எடுத்துத் தருவார். அதற்குப் பெயர் ஸ்கீயிங் என்றால் உட்பட்டுத்தான் இருக்கிறது.

மணாலியைக் குறை சொல்லவில்லை. குழந்தைகளோடு பனியில் விளையாட நல்ல ஊர், டெல்லியிலிருந்து ராத்திரி பஸ்ஸில் போய்விடலாம். பஸ் காசுதான் அதன் பெரிய பலம். உண்மையாகவே கற்க வேண்டுமானால் அங்குள்ள அடல் பிகாரி வாஜ்பாய் மலையேற்ற நிறுவனத்தின் பயிற்சி வகுப்பைப் பாருங்கள். பேக்கேஜ்காரரை விடுங்கள்.

அருண், பெங்களூரு: வகுப்பில் சேர்வது மலிவா, தனிப் பயிற்றுநர் மலிவா?

ஒரு வாரத்துக்கு மேல் ஒதுக்க முடிந்தால் வகுப்பை அடித்துக்கொள்ள ஆளில்லை. குல்மார்க்கில் மத்தியச் சுற்றுலாத் துறையின் பனிச்சறுக்கு, மலையேற்ற நிறுவனம் இருக்கிறது. ஔலியில் உத்தராகண்ட் அரசின் கட்வால் மண்டல் விகாஸ் நிகம் 7 நாள், 14 நாள் வகுப்பு நடத்துகிறது. தங்கல், சாப்பாடு, பலகை, பூட்ஸ், பயிற்சி எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கிவிடும். தனித்தனியாகச் செய்தால் அந்தக் காசுக்கு வராது. இடம் சீக்கிரம் நிரம்பும், நவம்பரிலிருந்தே அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருங்கள். கும்பலாகப் படுக்கை, காலை ஆறரைக்கு உடற்பயிற்சி, பருப்பும் சோறும். கல்லூரி விடுதி பிடித்தவருக்கு இதுவும் பிடிக்கும்.

மூன்று நாள்தான் என்றால் தனிப் பயிற்றுநர். அவரை மூன்று நாளுக்கும் சேர்த்துப் பேசி அமர்த்துங்கள், நாள்கூலி இறங்கும். ஒரே பயிற்றுநரிடம் இருவர் சேர்ந்து கற்றால் ஆளுக்கு அதுவும் பாதி. முதல் நாள் மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தானே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். நிற்கக் கற்பது இரண்டாம் நாள்தான் வரும்.

ரஃபீக், ஷார்ஜா: ராம்நாட்டுக்காரன். இங்கிருந்து இந்தியா வந்து குல்மார்க் போவதைவிட ஜார்ஜியா குடவுரி சுலபம் என்கிறார்கள். உண்மையா அக்கா?

உங்களுக்கு முற்றிலும் உண்மை. துபாயிலிருந்து திபிலீசிக்கு நேரடி விமானம் இருக்கிறது. அங்கிருந்து குடவுரி சுமார் 120 கிலோமீட்டர், தித்துபே நிலையத்தில் மர்ஷ்ருத்கா என்னும் சிற்றுந்து ஏறினால் காசு மிகக் குறைவு. லிஃப்ட் பாஸ் ஆல்ப்ஸ் மலையோடு ஒப்பிட்டால் கொசுறு மாதிரி. இயந்திரம் ஓட்டிச் சீராக்கிய அகலமான சரிவுகள், 3,200 மீட்டருக்கு மேல் வரை லிஃப்ட். புதிதாகக் கற்பவருக்குக் குல்மார்க்கைவிடப் பொருத்தம் என்றே சொல்வேன். மரமே இல்லாத மலை, அதனால் காற்றும் மூடுபனியும் வந்தால் திசை தெரியாது, மேல் லிஃப்டை நிறுத்திவிடுவார்கள். அதற்கும் ஒரு நாள் கையிருப்பாக இருக்கட்டும். வளைகுடாக் குடியிருப்பு அட்டை உள்ளவருக்கு விசா விலக்கு உண்டு. ஆனால் அட்டை இன்னும் எத்தனை மாதம் செல்லுபடியாக வேண்டும் என்ற நிபந்தனையைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

இன்னொன்று. உங்கள் பக்கத்திலேயே, துபாயின் மால் ஆஃப் தி எமிரேட்ஸுக்குள் ஸ்கீ துபாய் என்னும் பனிச்சறுக்குக் கூடம் இருக்கிறது. 2005 முதல் ஓடுகிறது, நீளமான சரிவு 400 மீட்டர். கிளம்புமுன் அங்கே இரண்டு பாடம் முடித்துவிட்டால் குடவுரியில் முதல் நாளை வீணாக்காமல் லிஃப்டில் ஏறலாம்.

அருண் மறுபடியும்: பெங்களூரிலிருந்து வெளிநாடுதான் போவது என்றால்?

அல்மாட்டி. கஜகஸ்தானில் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 14 நாள் வரை விசா வேண்டாம், 2022 ஜூலை முதல். டெல்லியிலிருந்து நான்கு மணி நேரப் பறத்தல். நகரத்துக்குள்ளேயே மலிவான விடுதியில் தங்கி, 12ஆம் எண் பஸ்ஸில் மெடேவு போய், அங்கிருந்து கோண்டோலாவில் ஷிம்புலாக் சறுக்குமலை. உச்சி 3,200 மீட்டர். மலையில் தங்காமல் நகரத்தில் தங்கி தினமும் போய்வருவது இங்கே சரிப்படும், தங்மார்க்கில் சரிப்படாது. இங்கே சங்கிலி கட்டிய ஜீப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, நகரப் பஸ் நேரத்துக்கு வருகிறது. ஆங்கிலம் பேசும் பயிற்றுநர் வேண்டும் என்று முன்பே சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் ரஷ்ய மொழியில் திட்டு வாங்குவீர்கள்.

தமிழ்ச்செல்வி, மதுரை: உடை, பூட்ஸ் எல்லாம் வாங்கிப் போவதா, வாடகைக்கு எடுப்பதா?

பலகை, பூட்ஸ், கம்பு மூன்றும் வாடகைக்கு. கையுறையும் கண்ணாடியும் சொந்தமாக இருந்தால் நல்லது. உள்ளே கம்பளி, மேலே நீர் புகாத சட்டை, கால்சட்டை. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் பலகைபோல் விறைத்துவிடும்.

பூட்ஸ்தான் முக்கியம், கால் மணி நேரம் செலவழியுங்கள். ஒரே ஒரு மெல்லிய கம்பளிக் காலுறை போதும். இரண்டு போட்டால் ரத்தம் ஓடாமல் கால் இன்னும் சில்லிடும். பூட்ஸுக்குள் காலை விட்டு நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்பக்கம் லேசாக உரச வேண்டும். முழங்காலை மடக்கி முன்னே சாய்ந்தால் விரல் பின்வாங்க வேண்டும், குதிகால் எழும்பக் கூடாது. கெண்டைக்காலின் முன்னெலும்பு பூட்ஸ் நாக்கோடு ஒட்டியே இருக்க வேண்டும். "கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும் மேடம்" என்று ஒரு கடைக்காரர் பெரிய அளவைத் தந்தார், நானும் தலையாட்டினேன். மாலையில் இரண்டு பெருவிரல் நகமும் கறுத்துவிட்டன. தாராளமான பூட்ஸில் கால் முன்னும் பின்னும் மோதும்.

பலகையோடு பூட்ஸைக் கவ்விப்பிடிக்கும் பைண்டிங்கில் ஓர் எண் வைப்பார்கள். விழும்போது எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்பது அது. உங்கள் எடை, உயரம், வயது, பூட்ஸ் நீளம், திறமை பார்த்து வைக்க வேண்டிய எண். அதிகமாக இருந்தால் விழும்போது கழலாமல் முழங்கால் தசைநார் கிழியும். பல கடையில் கேட்கவே மாட்டார்கள், நீங்களாகச் சொல்லுங்கள். எடையை உள்ளபடி சொல்லுங்கள், இது கல்யாணத்துக்கு எழுதும் விவரம் அல்ல.

ஞானசேகரன், தஞ்சாவூர்: அம்மா, எனக்கு அறுபத்து நான்கு வயது. மகன் குடும்பத்தோடு கூட வரலாமா? சர்க்கரை உண்டு.

தாராளமாக வாருங்கள் ஐயா. குல்மார்க் ஊரே 2,600 மீட்டர் உயரம், முதல் நாள் மெல்ல நடங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். மேல் கோண்டோலா ஏறுவதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சர்க்கரை இருப்பதால் கால்தான் கவலை. குளிரில் விரல் மரத்ததே தெரியாமல் போகும், ராத்திரி காலுறையைக் கழற்றி விளக்கில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சூடு பிடிக்கக் காங்ரி நெருப்புச்சட்டி தருவார்கள். கையில் வைத்துக்கொள்ளலாம், காலருகே வேண்டாம்.

சறுக்குவண்டி இழுப்பவர்கள், குதிரைக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். எங்கிருந்து எதுவரை, போகவரவா, எத்தனை ரூபாய் என்று மூன்றையும் ஏறுமுன் பேசிவிடுங்கள். அவர்களுக்குக் குளிர்காலம்தான் வருமானம். அடாவடியாகக் குறைக்கவும் வேண்டாம்.

நிவேதா: வீட்டில் பயப்படுகிறார்கள் அக்கா. 2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்ததற்குப் பிறகு...

பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. கிளம்பும் வாரத்தின் அரசு அறிவிப்பைப் பாருங்கள். மனம் ஒப்பவில்லை என்றால் ஔலிக்கோ அல்மாட்டிக்கோ மாற்றிக்கொள்ளுங்கள். போவதானால் வீட்டாருக்காக ஒன்று: தமிழ்நாட்டு ப்ரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேண்டும். பயணக் காப்பீட்டில் பனிச்சறுக்கு சேர்த்தியா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சாதாரணத் திட்டங்கள் பலவற்றில் சாகச விளையாட்டுக்கு விலக்கு இருக்கும்.

செந்தில்: இரு காலையும் ஒரே பலகையில் மாட்டும் ஸ்னோபோர்டு கற்கலாமா?

மூன்று நாளில் வேண்டாம். இரண்டு நாள் உட்கார்ந்தே இருப்பீர்கள்.

பெயர் போடாதவர், குன்னூர்: இவ்வளவு தூரம் எதற்கு? ஜனவரியில் அவலாஞ்சியில் உறைபனி விழுகிறதே, அங்கே சறுக்கக் கூடாதா?

விழுகிறது. புல்நுனியில் உப்புத் தூவியதுபோல் காலை எட்டு மணி வரை இருக்கும். அதில் சறுக்க முடியாது, வழுக்கி விழ முடியும். அதற்கு வாடகைப் பலகை வேண்டாம், பழைய ரப்பர் செருப்பே போதும்.