ரத்த தானத்தில் தெரியவந்த ஹெபடைடிஸ் சி

கேள்வி: என் கணவருக்கு வயது 52. அலுவலக முகாமில் ரத்த தானம் செய்தபின், ரத்த வங்கியிலிருந்து அழைத்து ‘ஹெபடைடிஸ் சி ஆன்டிபாடி பாசிட்டிவ்’ என்றார்கள். 1998இல் ஒரு விபத்தின்போது அவருக்கு ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். கல்லீரல் பரிசோதனையில் எஸ்.ஜி.ஓ.டி. 42, எஸ்.ஜி.பி.டி. 49, தட்டணுக்கள் 2,40,000. மாமியார் அவருடைய தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துவிட்டு, தினமும் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார். சென்னைக்குப் போய்ப் பெரிய மருத்துவரைத்தான் பார்க்க வேண்டுமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: முதலில் தட்டையும் டம்ளரையும் பழைய இடத்திலேயே வையுங்கள். ஹெபடைடிஸ் சி கல்லீரலைத் தாக்கும், ரத்தத்தின் வழியே பரவும் வைரஸ். சேர்ந்து சாப்பிடுவதால் தொற்றாது. சவர பிளேடும் பல் தேய்க்கும் பிரஷ்ஷும் மட்டும் அவருக்கெனத் தனியாக இருக்கட்டும். நீங்களும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். நம் ரத்த வங்கிகளில் இந்தப் பரிசோதனை கட்டாயமானது 2001இல்தான் என்பதால், 1998இல் ஏற்றிய ரத்தத்தின் மீது சந்தேகம் எழுவது இயல்பே.

ஆன்டிபாடி என்பது வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருள். அது இருப்பது, வைரஸ் என்றோ உடலுக்குள் வந்தது என்பதற்கு மட்டுமே சாட்சி. ஏறத்தாழ பத்தில் மூவருக்கு வைரஸ் ஆறு மாதத்துக்குள் தானாகவே நீங்கிவிடுவதால், இப்போதும் இருக்கிறதா என்பதை, வைரஸின் மரபுப் பொருளைத் தேடும் ஆர்.என்.ஏ. பரிசோதனைதான் சொல்லும். இருப்பதாகத் தெரிந்தால், கல்லீரல் எந்த அளவு தழும்பேறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதை மதிப்பிட ‘ஃபிப்-4’ என்றொரு கணக்கு உண்டு; நீங்கள் அனுப்பிய எண்களே அதற்குப் போதும்: வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்கினால் 2184, எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலமான 7ஐ, ஆயிரக் கணக்கில் தட்டணுக்களான 240ஆல் பெருக்கினால் 1680. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 1.3. இது 1.45க்குக் கீழே இருப்பதால் கடுமையான தழும்பேற்றம் இருக்க வாய்ப்புக் குறைவு; 3.25ஐத் தாண்டியிருந்தால் நானே நிபுணரிடம் அனுப்பியிருப்பேன்.

ஆகவே சென்னைப் பயணம் தேவைப்படாது. 2018 ஜூலை 28இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ், அரசு சிகிச்சை மையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். பெரும்பாலும் சோஃபோஸ்புவிர், டக்லடாஸ்விர் என்ற இரு மாத்திரைகள் நாளுக்கு ஒருவேளை, 12 வாரம். நூற்றில் 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். தொடங்குமுன் ஹெபடைடிஸ் பி பரிசோதனையைத் தவறவிடக் கூடாது, ஏனெனில் அந்த வைரஸும் இருந்தால் சிகிச்சையின்போது அது தலைதூக்கக்கூடும். அமியோடரோன் (இதயத்துடிப்புக்கான மருந்து), ரிஃபாம்பிசின் (காசநோய் மருந்து), வலிப்பு மாத்திரைகள் எதையேனும் அவர் சாப்பிட்டால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மது கூடவே கூடாது. கீழாநெல்லி இந்த வைரஸை நீக்குவதாக நிரூபணம் இல்லை. மாமியார் மனம் நோகாமல் நிறுத்திவிடுங்கள்.

மருந்து முடிந்து 12 வாரம் கழித்து மீண்டும் ஆர்.என்.ஏ. பாருங்கள். ஆன்டிபாடியைப் பார்த்துப் பயன் இல்லை. குணமான பிறகும் அது பாசிட்டிவாகவே இருக்கும். அதனால் அவர் இனி ரத்த தானம் செய்ய இயலாது.