பல வருஷம் நின்ன பழைய பைக்கை எழுப்புறது: கேள்வி பதில்

டூ ஸ்ட்ரோக்கும் பாயிண்ட் (ஸ்பார்க் விடுற பழைய சிஸ்டம்), கார்புரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலக்குறது, சுருக்கமா கார்ப்) காலத்து ஃபோர் ஸ்ட்ரோக்கும்தான் எனக்கு தெரிஞ்ச ஏரியா. அதுக்குள்ள என்ன வேணா கேளுங்க.

கே: அண்ணா, தாத்தாவோட டூ ஸ்ட்ரோக் வண்டி 15 வருஷமா ஷெட்ல நிக்குது. பெட்ரோல் ஊத்தி கிக் அடிச்சு பாக்கலாமா?

ப: கிக் அடிக்காதீங்க தம்பி. இதை ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா, வண்டி நிக்கும்போது போர்ட் (சிலிண்டர்ல இருக்கிற ஓட்டை) வழியா ஈரக்காத்து உள்ள போயி, பிஸ்டனை சுத்தி இருக்கிற ரிங் உக்காந்திருக்கிற இடத்துல சிலிண்டர் சுவத்துல துரு வளையம் கட்டிடும், நீங்க மிதிச்சதும் ரிங் அது மேல உரசிக்கிட்டு ஏறி போரை (சிலிண்டரோட உள்சுவரை) கீறும், இல்லன்னா ரிங்கே உடையும். அதுவுமில்லாம டூ ஸ்ட்ரோக்ல க்ராங்க் (பிஸ்டனோட அசைவை சுத்தலா மாத்துற தண்டு) பேரிங்குக்கு தனியா ஆயில் கிடையாது, பெட்ரோலோட கலந்து வர்ற ஆயில்தான், 15 வருஷத்துல அது எப்பவோ காஞ்சு போயிருக்கும்.

பிளக்கை கழட்டுங்க. சுத்தியும் இருக்கிற மண்ணை முதல்ல ஊதி விடுங்க, இல்லன்னா அது நேரா உள்ள விழும். இன்ஜின் ஆயில்ல கொஞ்சம் டீசல் கலந்து பிளக் ஓட்டை வழியா 30, 40 மில்லி ஊத்தி ரெண்டு மூணு நாள் அப்படியே விடுங்க. அப்புறம் மேக்னட் கவரை கழட்டி க்ராங்க் நட்டுல ஸ்பேனர் போட்டு, நட்டு இறுகுற திசையிலயே கை பலத்துல மட்டும் மெதுவா நகட்டி பாருங்க. பைப் மாட்டி நெம்பக்கூடாது. அசையலன்னா இன்னும் ஆயில், இன்னும் ரெண்டு நாள், அவ்ளோதான். அசைஞ்சா கண்ணை மூடிக்கிட்டு கையில என்ன தெரியுதுன்னு கவனிங்க: வழவழன்னு போனா சந்தோஷம், மணலை அரைக்கிற மாதிரி கரகரன்னு இருந்தா பேரிங் துரு புடிச்சாச்சு, அதோட நிறுத்திட்டு இன்ஜினை பிரிக்கணும்.

பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பாகத்தையும் போட்டோ எடுங்க, கழட்டுன போல்ட்டை அந்தந்த கவர்ல பேர் எழுதி போடுங்க. ஆறு மாசம் கழிச்சு எது எங்க இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கவே இருக்காது.

கே: டேங்க் உள்ள ஃபுல்லா துரு. ஆசிட் ஊத்தலாமா?

ப: பாத்ரூம் ஆசிட் வேண்டாம், துருவோட சேத்து தகட்டையும் தின்னுடும். டேப், மூடி, வாஷர் எல்லாம் கழட்டிட்டு, பழைய பெட்ரோல் பிசினை சோப்புத் தண்ணியில நல்லா கழுவுங்க. 1 லிட்டர் தண்ணிக்கு 50லேர்ந்து 100 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைச்சு ஒரு நாள் வைங்க. கெட்டி துருவுக்கு உள்ள நட்டு போட்டு குலுக்குறவங்க எண்ணி போடுங்க, எண்ணி எடுங்க. கொட்டினதும் சோடா உப்பு கரைச்ச தண்ணியில அலசி உடனே காய வைங்க. ஈரத்தோட விட்டா கண்ணு முன்னாடியே திரும்ப துரு பூக்கும், அதனால காஞ்சதும் 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் ஆயில்) கலந்த பெட்ரோலை உள்ள சுத்தி விடுங்க.

ஓட்டை இருந்தா நீங்களே வெல்டிங் வைக்காதீங்க. காலி டேங்க்ல தங்குற ஆவிதான் வெடிக்கும். அந்த வேலை தெரிஞ்சவர்கிட்டயே குடுங்க.

கே: கிக்கர் பாதியில நிக்குது சார். ஏறி நின்னு மிதிச்சா போகுமா?

ப: போகாது, கிக் ஷாஃப்ட்டோட பல்லுதான் போகும். முதல் பதிலை படிங்க.

கே: ஜப்பான் வண்டி ப்ரோ, கவர் ஸ்க்ரூ எல்லாம் தலை வழுக்குது.

ப: அது பிலிப்ஸ் (சாதாரண பிளஸ் தலை) இல்ல, ஜேஐஎஸ், அதாவது ஜப்பான் தர அளவு. பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா பிலிப்ஸ் பிட் அதுல முழுசா உக்காராம மேல ஏறி வழுக்கும். ஜேஐஎஸ் பிட் வாங்கி, இம்பாக்ட் டிரைவர்ல போட்டு சுத்தியால தட்டுங்க.

கே: பெயிண்ட் உரிஞ்சு பாக்கவே கஷ்டமா இருக்கு. முதல்ல பெயிண்டை முடிச்சிட்டா வேலை செய்ய ஆர்வம் வரும்ல?

ப: கடைசியா பண்ணுங்க. கார்ப் செட் பண்ணும்போது பெட்ரோல் சிந்தும், ஸ்பேனர் நழுவும், புது பெயிண்ட் நாசமாகும். அதுக்கும் முன்னாடி டேங்கை சோப்பு போட்டு கழுவி, பாலிஷிங் காம்பவுண்டை ஒரு உள்ளங்கை அளவு இடத்துல மட்டும் தேச்சு பாருங்க. பழைய பெயிண்ட் அடியில உயிரோட இருந்தா அதை விட்டுடாதீங்க.

கே (வேற ஒருத்தர்): ஒத்துக்க மாட்டேன் அண்ணா. துருவை அப்படியே வச்சுக்கிட்டு "ஒரிஜினல்"னு சொன்னா வண்டிதான் உளுத்துப் போகும்.

ப: துருவை வளக்க சொல்லல. தகட்டை அரிக்கிற துருவை நிறுத்தியே ஆகணும், அதுல ரெண்டு பேச்சு இல்ல. மங்குன பெயிண்டு வேற, துரு வேற. டேங்க் ரெண்டு பக்கமும் முட்டி உரசி உரசி தேஞ்ச தடம் இருக்கும் பாருங்க, கையால இழுத்த கோட்டுல பிரஷ் ஒரு இடத்துல லேசா தடிச்சிருக்கும், சாண்ட் பேப்பர் போட்டா அதெல்லாம் அஞ்சு நிமிஷத்துல போயிடும், எவ்ளோ செலவு பண்ணாலும் திரும்ப வராது. எனக்கு அது மனசு கேக்க மாட்டேங்குது.

கே (இன்னொருத்தர்): என் அப்பா வண்டி சார். அவர் புதுசா ஓட்டிட்டு வந்தப்போ எப்படி இருந்துச்சோ அப்படி அவர்கிட்ட காட்டணும். இது தப்பா?

ப: தப்பே இல்ல. இந்த காரணத்துக்கு நான் எதிர்த்து பேச மாட்டேன். ஆனா ஷேடை போட்டோ பாத்து முடிவு பண்ணாதீங்க. சீட்டுக்கு அடியில, சைடு பேனல் உள்பக்கம், டேங்க் பேட்ஜுக்கு பின்னாடி வெயில் படாத நிறம் அப்படியே இருக்கும், அதை பாலிஷ் பண்ணி மேட்ச் பண்ணுங்க. சுரண்டுறதுக்கு முன்னாடி கோடுங்களை டிரேசிங் பேப்பர்ல எடுத்து, எந்த ஓரத்துலேர்ந்து எத்தனை மில்லிமீட்டர்னு குறிச்சு வைங்க.

கே (முதல்ல மறுத்தவர்): அப்போ இன்ஜினையும் சாண்ட் பிளாஸ்ட் பண்ணி பளபளன்னு ஆக்கலாம்ல?

ப: வேண்டவே வேண்டாம். வேகமா பீச்சி அடிக்கிற மணல்ல ஒண்ணு ஆயில் வழியில ஒளிஞ்சிருந்தா பேரிங் காலி. மண்ணெண்ணெய், பிரஷ், பொறுமை போதும். பெயிண்ட் விஷயத்துல நாம ரெண்டு பேரும் ஒத்துப்போக மாட்டோம், விடுங்க, மத்தவங்க காத்திருக்காங்க.

கே: 6 வோல்ட்டை 12 ஆக்குறது எப்படி?

ப: வயரிங் என் ஏரியா இல்ல. நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனை பாருங்க.

கே: டூ ஸ்ட்ரோக் ஸ்டார்ட் ஆயிடுச்சு, ஆனா ஆக்சிலேட்டரை விட்டாலும் இன்ஜின் கத்திக்கிட்டே இருக்கு.

ப: உடனே நிறுத்துங்க. கேபிள் சிக்கலன்னா எங்கயோ காத்து இழுக்குது. க்ராங்க் ஆயில் சீல் ரப்பர், வருஷக்கணக்கா நின்னா கல்லு மாதிரி ஆயிடும், வெளிக்காத்து உள்ள போனா கலவையில பெட்ரோல் குறைஞ்சு, சூடு ஏறி பிஸ்டன் புடிச்சுக்கும். மேக்னட் பக்க சீல் போனா இப்படித்தான் கத்தும். கிளட்ச் பக்க சீல் போனா கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளையா புகைக்கும், ஆயில் அளவும் குறையும். ரெண்டையும் சேத்தே மாத்துங்க. கார்பை டியூன் பண்ணி இதை மறைக்க பாக்காதீங்க.

கே: 8 வருஷம் நின்ன வண்டி, கிக் அடிச்சா...

ப: முதல் பதில். தயவுசெஞ்சு.

கே: டயர் பட்டன் நல்லா இருக்கு, அப்படியே ஓட்டலாமா?

ப: பக்கவாட்டுல தேதி கோட் பாருங்க. 4 எண் இருந்தா முதல் ரெண்டு வாரம், கடைசி ரெண்டு வருஷம். 3 எண்ணுன்னா 2000க்கு முன்னாடி செஞ்சது, பட்டன் எப்படி இருந்தாலும் மாத்துங்க. பிரேக் டிரம்மை திறந்தா தூசியை காத்தால ஊதாதீங்க, பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால துடைங்க.

கே: அண்ணா, முதல் கேள்வி கேட்டவன். மூணு நாள் ஆயில்ல வச்சேன், இன்னைக்கு ஸ்பேனர் போட்டதும் வழவழன்னு சுத்துச்சு! இப்போ கிக் அடிக்கலாமா?

ப: அருமை தம்பி, ரொம்ப சந்தோஷம்! இன்னும் இல்ல. ஊத்துன ஆயில் க்ராங்க் கேஸ்ல தேங்கியிருக்கும், ஆயிலை வடிக்கிற போல்ட் இருந்தா கழட்டி வடிச்சிடுங்க. கார்பை கழட்டி பைலட் ஜெட்டை (ஐடில்ல பெட்ரோல் போற சின்ன ஓட்டை பாகம்) வெளிச்சத்துக்கு நேரா புடிச்சு பாருங்க, அந்த ஓட்டை பல வண்டியில அரை மில்லிமீட்டர் கூட இருக்காது, அடுத்த பக்கம் வட்டமா வெளிச்சம் தெரியணும். தெரியலன்னா கார்ப் க்ளீனர்ல ஊற வைங்க, கம்பி விட்டு குத்தாதீங்க. ஏர் ஸ்க்ரூவை (கார்ப்ல காத்தளவை மாத்துற ஸ்க்ரூ) கழட்டுறதுக்கு முன்னாடி எத்தனை சுத்துல உக்காருதுன்னு எண்ணி எழுதிக்கோங்க. கியர் ஆயிலை மாத்துங்க. 2டி கலந்த புது பெட்ரோல் ஊத்துங்க. பிளக் இல்லாம, ஓட்டையில துணிய வச்சுக்கிட்டு, காலால மெதுவா பத்து தடவை தள்ளுங்க, மிச்ச ஆயில் வெளிய வந்துடும்.

அப்புறம் பிளக்கை மாட்டி அடிங்க. ஸ்டார்ட் ஆனதும் தாத்தாவை கூப்பிட்டு சத்தத்தை கேக்க சொல்லுங்க.